வக்கீலம்மாவிடம் சொன்னது

விடிவதற்குள் எழுகிறேன். பால் வாளியைக் கழுவுகிறேன். மாடுகளைக் கொட்டகையின் ஒரு பக்கம் ஒதுக்கி, சாணத்தை வாரி, தரையைக் குழாய்த் தண்ணீரால் அடிக்கிறேன். மடியைக் கழுவித் துணியால் துடைக்கிறேன். வெள்ளை முதலில், செவலை அடுத்து. வெள்ளை உதைக்கும். செவலை உதைக்காது, ஆனால் வாலால் முகத்தில் அடிக்கும். நுரை அடங்கும்வரை நின்று பாலை வடிகட்டிக் கேனில் ஊற்றுகிறேன். கோழிக்கூட்டைத் திறந்துவிடுகிறேன். கோழிகள் நேற்று எந்த இடத்தில் கிளறுவதை விட்டனவோ அங்கிருந்தே மறுபடி தொடங்குகின்றன. பிறகு ஆட்டுப் பட்டி. தொட்டியில் தழை போடுகிறேன். எல்லா ஆடுகளும் முட்டிமோதிக்கொண்டு வருகின்றன. வக்கீலம்மா வருவதில்லை.

அடுப்படிக்கு வந்து டீ போடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கூடாது, எனக்கு வேண்டும். எந்த டம்ளரில் போட்டேன் என்று தெரியாமல் இரண்டையும் ருசி பார்க்கிறேன். இரண்டிலும் இல்லை. மறுபடி போட்டுக் கலக்கி, இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போவதற்குள் எதில் போட்டேன் என்று மறந்துவிடுகிறது.

வக்கீலம்மா என்பது ஓர் ஆடு. உடம்பெல்லாம் கறுப்பு. கழுத்துக்குக் கீழே மட்டும் இரண்டு வெள்ளைப் பட்டை தொங்குவதுபோல் இருக்கும். பெயர் வைத்தவள் என் மனைவி. வயதான பெட்டை. இப்போது குட்டியும் போடுவதில்லை, பாலும் இல்லை.

மனைவி போன மாதம் இறந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காலையில் தண்ணீர் வாளியோடு பட்டிக்குப் போனவள் அங்கேயே விழுந்தாள். நான் அப்போது கேன்களோடு பால் நிலையத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அப்பா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பால் வண்டிக்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அவள் வாய் திறக்கவில்லை. நான் கிளம்பிய பிறகு ஏதாவது பேசினாளா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் பேசலைப்பா. வாளியைத் தூக்கிட்டுப் போனா. அவ்ளோதான்."

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் நடுவில் ஓர் ஆடு வேண்டும். வெளியாட்களுக்கு இதை விளக்கிச் சொல்வது கஷ்டம். கோபம் வந்தால் அவள் என்னிடம் பேசமாட்டாள். ஆனால் பண்ணை வேலை கோபத்துக்காக நிற்காது. தவிடு தீர்ந்தால் சொல்ல வேண்டும். செவலையின் காம்பு வீங்கியிருந்தால் சொல்ல வேண்டும். அதனால் வக்கீலம்மாவிடம் சொல்வாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

"வக்கீலம்மா, ஆபீசர்கிட்ட சொல்லுங்க. தவிட்டு மூட்டை அடியைத் தொட்டாச்சு. ஆடு மாடெல்லாம் அவரு படிச்ச புஸ்தகத்தைத் திங்காது."

காலேஜில் நான் படித்தது வணிகவியல். ஆபீஸ் எதிலும் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் ஆபீசர்.

பதிலையும் ஆட்டிடம்தான் சொல்ல வேண்டும். நேராகச் சொன்னால் அவள் காதில் விழாது.

"இன்னைக்கு வாங்கிட்டு வரேன்னு சொல்லு."

"என்ன சொல்லு கில்லுன்னு? மரியாதையா பேசச் சொல்லுங்க வக்கீலம்மா. இது கோர்ட்டு."

பேச்சு ஒவ்வொன்றுக்கும் அவள் கையிலிருந்து ஒரு கொத்துத் தழை ஆட்டின் வாய்க்குப் போகும். அதற்குப் பெயர் ஃபீஸ். நான் வெறுங்கையோடு பேசினால், "ஃபீஸ் கட்டாத கட்சிக்கு வாய்தாதான்" என்பாள். ஆடு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருக்கும். வழக்கு நீள நீள அதற்கு நல்லது.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவள் ஆட்டிடம் "சொல்லுங்க" என்பதைத் தன்னிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வாசலிலிருந்தே "சரிம்மா, சொல்லிடறேன்" என்று குரல் கொடுப்பார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பை அடக்கப் பார்ப்பாள். தோள் குலுங்கும். அப்பா வீட்டில் இருக்கும் நாட்களில் சண்டை அதிக நேரம் நிற்காது.

கடைசிச் சண்டை அந்த ஆட்டைப் பற்றியே வந்தது. பட்டியில் இடம் போதவில்லை, இளங்குட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, கிழட்டு ஆட்டை விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். வியாபாரியிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தேன். அவள் கேட்டுவிட்டு நேராகப் பட்டிக்குப் போனாள்.

"பாத்தீங்களா வக்கீலம்மா, உங்களையே விக்கப் போறாராம். வயசானா எல்லாருக்கும் இதே கதிதானான்னு கேளுங்க. அடுத்து மாமாவையும் வியாபாரிகிட்ட காட்டுவாரான்னு கேளுங்க."

"காட்டட்டுமே" என்றார் அப்பா. எதைக் காட்டுவது என்று அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அந்தச் சண்டை சில நாட்கள் ஓடியது. அதன் நடுவில் அவள் இறந்தாள். நடுவிலா, முடிந்த பிறகா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகுதான் ஆடு தின்னாமல் இருப்பதைக் கவனித்தேன். தொட்டியை மாற்றினேன். மற்ற ஆடுகள் மிதிக்காத இடத்தில் தழையைக் கட்டித் தொங்கவிட்டேன். உப்புக்கட்டி வைத்தேன். அவளுடைய வாளியிலேயே தண்ணீர் வைத்தேன். தண்ணீரை மட்டும் கொஞ்சம் குடித்தது. வேலியோரம் அவிழ்த்துவிட்டால் நாலு வாய் மேய்ந்துவிட்டு நின்றுவிடும். பட்டிக்குள் ஒரு வாயும் இல்லை.

கையில் தழையோடு பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஆடு என்னைப் பார்த்தது. நான் ஆட்டைப் பார்த்தேன். இரண்டு பேரும் எதற்கோ காத்திருந்தோம். கை வலித்ததும் தழையைப் போட்டுவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. நானும் அப்பாவும் பட்டியில் சேர்ந்து நின்றால், படுத்திருக்கும் ஆடு எழுந்து வந்து எங்களுக்கு நடுவில் நிற்கும். முதலில் என் முகம். அப்புறம் அவர் முகம். மறுபடி என் முகம். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பேச என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துவிடும்.

மாட்டு டாக்டர் வந்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். இடது விலாவில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, வயிறு அசைகிறதா என்று காத்திருந்தார். புழுக்கையைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"நோய்னு ஒண்ணும் தெரியலை. வயிறு வேலை செய்யுது. உள்ளே போறதுதான் போதலை."

"ஏன்?"

"அதை ஆட்டைத்தான் கேக்கணும். ஊசி போடச் சொன்னா போடறேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது." பையை மூடிவிட்டு என்னைக் கொஞ்சம் பார்த்தார். "நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

சாப்பிடுகிறேன் என்றேன். அன்று காலை சாப்பிட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா பேச்சை எடுத்தார்.

"எலும்பும் தோலுமாப் போயிட்டிருக்குடா. பட்டியிலயே செத்துக் கிடந்தா மனசு இன்னும் கெட்டுப் போகும். நீதானே விக்கணும்னு சொன்னே?"

"ஆமா, நான்தான்."

"அப்ப வியாபாரியை வரச் சொல்லட்டுமா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக வியாபாரி சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை வந்தார். மனைவியின் அம்மா. பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக் கீழே வைக்காமலே அடுப்படிக்குள் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். காலி டப்பாவையும் திறந்து, மோந்து பார்த்து, மூடி வைத்தார். அடுப்பைத் தேய்த்தார். என் சட்டைகளைத் துவைத்தார். நான் வேண்டாம் என்றேன். அத்தைக்கும் மகளுடைய காதுதான். நேராகச் சொன்னால் விழாது.

சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க அத்தை."

"கடைசியா அவ என்ன சொன்னா?"

ஆஸ்பத்திரியில் கேட்டார். பிறகு போனில் கேட்டார். அப்போது சொன்னதையே இப்போதும் சொன்னேன்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலை அத்தை."

"அது எப்படி? தூக்கத்துலயே பேசறவ அவ. சின்ன வயசுல காய்ச்சல்ல படுத்துக்கிட்டு கோழிகளோட சண்டை போட்டவ. அவளா ஒண்ணும் சொல்லாமப் போவா?"

"என்கிட்ட சொல்லலை."

நான் சொன்னது உண்மை. அதைவிட உண்மையாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை எழுந்து என் தட்டை எடுத்துக்கொண்டு போனார். தட்டில் இன்னும் சோறு இருந்தது. அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம் பேசினார். "சம்பந்தி, வெந்நீர் வேணுமா?" என்று கேட்டார். அப்பா, "வரட்டும், உட்காரச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை பால் நிலையத்திலிருந்து திரும்பி வந்து வண்டியை நிறுத்தினேன். பட்டிப் பக்கம் குரல் கேட்டது. அவள் குரல் இல்லை. ஆனால் அதே ஏற்ற இறக்கம். காலிக் கேனைக் கையில் பிடித்தபடி போய்ப் பார்த்தேன்.

அத்தை வாயிற்படல் ஓரம் நின்றிருந்தார். கையில் ஒரு கொத்துத் தழை.

"ஏம்மா கறுப்பி, உங்க வீட்டு மாப்பிள்ளைகிட்ட சொல்லு. பெத்தவ கேக்கறா. ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமான்னு கேளு. ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தது இவரு சட்டையைத் துவைக்கிறதுக்கா?"

வக்கீலம்மா எழுந்தது. முன்னங்கால்களை ஊன்றி, ஒரு முறை உடம்பை உதறியது. நேராக அத்தையிடம் வந்தது. தழையைக் கடித்து இழுத்து மென்றது. மென்றுகொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

கேன் என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. கோழிகள் சிதறி ஓடின.

"அத்தை, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை.

"எதுன்னு கேளு கறுப்பி."

"ஆட்டுகிட்ட சொல்றது."

"இதுல என்ன தெரியறதுக்கு இருக்கு? அவரோட மாமனாருகிட்ட நான் பேசினதை விட எங்க வீட்டு எருமைகிட்ட பேசினதுதான் அதிகம்னு சொல்லு. அந்த எருமைக்குத் தெரியாத குடும்ப விஷயம் கிடையாது. அது செத்ததும் நாங்க நேருக்கு நேர் பேச வேண்டியதாப் போச்சு. பாவம், ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை." இன்னொரு கொத்தை நீட்டினார். "இவ சின்னப் பொண்ணா எருமை முதுகுல கையைப் போட்டுக்கிட்டு ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டே நிப்பா."

அது அவள் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைத்திருந்தேன். எனக்காகக் கண்டுபிடித்தது என்றுகூட. ஆட்டின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மற்ற எந்த ஆட்டையும்போல் தின்றது. நோயும் இல்லை, மர்மமும் இல்லை. அதனிடம் யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். நான் அவள் இறந்த நாளிலிருந்து அதனிடம் வாயே திறக்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டுமா என்று யோசித்தேன். அதற்குள் வாசலில் வியாபாரியின் வண்டிச் சத்தம் கேட்டது.

வியாபாரி பருத்த மனிதர். பட்டிக்குள் வந்ததும் ஆட்டின் முதுகெலும்பை விரலால் தடவினார். இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இப்படி இளைச்சுக் கிடக்கு? ஆளும் இளைச்சுட்டீங்க. ரெண்டு பேரையும் சேர்த்தே வண்டியில ஏத்திடலாம் போலிருக்கே." சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. வாய் பழகிப் போச்சு."

"பரவாயில்லை."

கயிற்றை ஆட்டின் கழுத்தில் மாட்டினார். வெள்ளைப் பட்டை இரண்டும் கயிற்றுக்குக் கீழே மறைந்தன. இழுத்தார். ஆடு நாலு கால்களையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"டேய்" என்றார் அப்பா. "குடுக்கறியா வேண்டாமா? வாயைத் திறந்து சொல்லு. நீ தலையாட்டினா எனக்குப் புரியறதில்லை."

விற்றால் நான் ஜெயித்தேன் என்று அர்த்தம். யாரை ஜெயித்தேன்? விற்காவிட்டால் விட்டுக்கொடுத்தேன் என்று அர்த்தம். அதைப் பார்த்துச் சிரிக்க அவள் இல்லை. விற்க வேண்டும் என்று சொன்னவன் நான். சொன்னபோது எல்லாக் காரணமும் சரியாக இருந்தது. பட்டியில் இடம் இல்லை. இப்போதும் இல்லை. ஒரு காரணமும் மாறவில்லை. ஆனால் எந்தக் காரணத்தையும் என்னால் வாயால் எடுத்துச் சொல்ல முடியவில்லை.

வியாபாரி மறுபடி இழுத்தார். ஆட்டின் குளம்புகள் மண்ணில் கோடு போட்டன.

அத்தை என்னைத் தாண்டிப் போய் ஆட்டின் முன்னால் நின்றார். குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"போறதுதான் போறே. போறதுக்கு முன்னாடி இதை மட்டும் சொல்லிட்டுப் போ. கடைசியா என் பொண்ணு உன்கிட்டதானே நின்னுக்கிட்டிருந்தா? மத்தவங்களுக்குத் தெரியாதாம். நீயாவது சொல்லு. என்ன சொன்னா?"

இதுவரை அத்தை கேட்டதெல்லாம் என்னிடம். இப்போது சரியான இடத்தில் கேட்டுவிட்டார். ஆடு மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. வழக்கமாக என் முறை வரும்போது பார்ப்பதுபோல்.

போய் வியாபாரியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினேன். கீழே கிடந்த தழையில் ஒரு கொத்து எடுத்தேன். ஆட்டின் வாயருகே நீட்டினேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"வக்கீலம்மா, வியாபாரிகிட்ட சொல்லுங்க. வீணா அலைய வச்சதுக்கு மன்னிக்கணும். நீங்க எங்கேயும் போகலைன்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் ரெண்டு கிடா நிக்குது, வேணும்னா அதைப் பார்க்கச் சொல்லுங்க."

ஆடு தழையை வாங்கிக்கொண்டது.

வியாபாரி என்னைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். அப்பாவிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"யார்கிட்ட பேசறாரு?"

மெதுவாகக் கேட்டது அப்பாவுக்கு எப்படிக் காதில் விழுந்ததோ.

"வக்கீல்கிட்ட" என்றார்.

வியாபாரி கிடாக்களைப் பார்த்துவிட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு போனார். அப்பா அவரோடு வாசல்வரை போனார். பட்டியில் நான், அத்தை, நடுவில் வக்கீலம்மா. கயிற்றைக் கழற்றிவிட்டேன். அது நகரவில்லை. வழக்கு முடியவில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இன்னொரு கொத்து எடுத்தேன்.

"அத்தைகிட்ட சொல்லுங்க வக்கீலம்மா. நான் பொய் சொல்லலை. என்கிட்ட அவ ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கு அவ பேசினது உங்ககிட்ட."

அத்தை கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

அன்று காலை கேன்களை வண்டியில் கட்டி முடித்திருந்தேன். வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டு நின்றாள். முதுகு என் பக்கம். வக்கீலம்மா அவள் இடுப்பை ஒட்டி நின்றது. அவள் குனிந்து அதன் காதருகே பேசினாள். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசினாளா, கேட்கட்டும் என்றே பேசினாளா, எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. எனக்குக் கேட்டது. கேட்டது என்று அவளுக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை அவள். பால் வெயிலில் நிற்கக்கூடாது. பதிலை வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். வழியில் பதிலை யோசித்துக்கொண்டே போனேன். வரும் வழியில் ஒரு கட்டுப் பசுந்தழையும் வாங்கினேன், ஃபீஸுக்கு.

அதையெல்லாம் சொல்லவில்லை. அவள் சொன்னதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், ஆட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆபீசர்கிட்ட சொல்லுங்க வக்கீலம்மா, எனக்குக் கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."